முனீர் பாயின் நடு நாற்காலி

செய்தி வந்தபோது நான் ஆம்பூரில், ஷூ தொழிற்சாலையின் தையல் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் அங்கே போய்த் தரம் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். மெஷின்களின் இரைச்சலில் போனில் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழவில்லை. முனீர் பாய் என்ற பெயர் மட்டும் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு கேட்கும் கூட்டத்துக்கு ஏதோ ஏற்பாடு என்று நினைத்து, வருகிறேன் என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. இந்த முறை வெளியே வந்து, சைக்கிள் ஷெட் பக்கம் ஒதுங்கி நின்று கேட்டேன். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்றார்கள். எந்த நாற்காலி என்று நான் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ராணிப்பேட்டையில் அடக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது நம் கூட்டத்தில் பலர் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தீர்கள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசத் தெரியாத கும்பல் நாம். அன்று ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தோம். அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அங்கேயே சொன்னீர்கள். நான் மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். கணவர் போன பிறகு மனைவி வெளி ஆட்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தா காலம் முடிந்து, நாம் பாபி என்று கூப்பிடும் அவர் மனைவியை ஒருமுறை பார்க்காமல் எழுதினால் அது பாதிக் கட்டுரையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இப்போது பார்த்துவிட்டேன். எழுதுகிறேன்.

முனீர் பாயை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒரு சண்டை. அவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஃபினிஷிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றி அனுப்புகிற கடைசிக் கட்டம் அது. நான் அந்தத் தோலை வாங்கி ஷூ செய்கிற இடத்தில் தரம் பார்ப்பவன். ஒரு தடவை அவர் அனுப்பிய பழுப்பு நிறத் தோல் முழுவதையும் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே நேரில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கையில் குடை. அவருடைய தோலில் வெட்டித் தைத்த இடது கால் மேல்பாகத்தையும் வலது கால் மேல்பாகத்தையும் எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் வடக்கு ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, நீ சொல்வது சரி, ஜோடி சேரவில்லை, சரக்கை ஏற்றி அனுப்பு என்றார். ஃபினிஷிங்காரர் ஒருவர் தன் தோலில் தப்பு என்று ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் சண்டை முடிந்தபாடில்லை. என் மேஜையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது இன்னாப்பா ஒத்தப் பொட்டி? இதோட ஜோடி எங்க?"

ஜோடி கிடையாது, ஒன்றுதான் என்றேன்.

"இடது கால் வலது காலுக்கு ஒரு பொட்டு நெறம் கம்மின்னு என் சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பறே. பாட்ட மட்டும் ஒத்தக் கால்லயே கேக்கறியே."

இதைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஜோடியில் கேட்டுப் பார் என்று அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

அந்த அறை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமையலறையை ஒட்டிய நீள அறை. ஒரு கோடியில் இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு எதிரே, இரண்டுக்கும் சம தூரத்தில், முதுகுப் பக்கம் தாழ்ந்த ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் இரண்டும் காணாமல் போய்விடும். பாடுகிறவர் நடுவில் வெறும் சுவருக்கு முன்னால் நின்று பாடுவார். இடது பக்கம் வயலின்காரர், வலது பக்கம் மிருதங்கக்காரர், அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியைவிட்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே பக்கம் போய் முட்டிக்கொள்வார்கள். அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தரையில் விரித்த பாயில் உட்கார வேண்டும், ஆளுக்கு ஒரு பாட்டு நடு நாற்காலியில், பாட்டு முடிந்ததும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். வீட்டுக்காரர் கடைசி. டேனரி முதலாளியே வந்தாலும் முறை வரும்வரை பாய்தான். நாற்காலியில் இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது. அவர் முகத்தை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு முதல் முறை வந்தபோது, வலது பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். முனீர் பாய் சிரிக்கவில்லை. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த அறையின் சுவர்களில் இருந்த தோலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். வெறும் சுவரில் சத்தம் மோதித் திரும்புகிறது, எதையாவது மாட்ட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மற்ற ஊரில் என்றால் ஜமுக்காளத்தையோ பழைய மெத்தையையோ மாட்டியிருப்பார்கள். ராணிப்பேட்டைக்காரர் வேறு எதை மாட்டுவார்? மரச்சட்டங்கள் செய்து, அவற்றில் தோலை இழுத்துக் கட்டி, நான்கு சுவரிலும் தொங்கவிட்டார். அவர் கையாலேயே ஃபினிஷ் செய்த தோல். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அன்று முதல் பாட்டு கண்ணாடித் துண்டைக் கொட்டியதுபோலக் கேட்க ஆரம்பித்தது. நாங்கள் ஒயரை மாற்றினோம். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி வேலூருக்கு ரிப்பேருக்கு அனுப்பினோம். ஸ்பீக்கரை முன்னால் நகர்த்தினோம், பின்னால் நகர்த்தினோம். தோல் மீது மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை பேரும் தோல் தொழிலில் இருப்பவர்கள். பளபளப்பான தோலைப் பார்த்தால் எங்களுக்குக் குற்றம் சொல்ல வாய் வராது.

பாபிதான் தீர்த்து வைத்தார், தெரியாமலே. ஒரு நாள் சட்டங்களைத் துடைக்கக் கழற்றியவர், மாட்டும்போது ஒரு பக்கச் சுவரில் எல்லாவற்றையும் பின்பக்கம் தெரியத் திருப்பி மாட்டிவிட்டார். ஈரம் காயட்டும் என்று. முனீர் பாய் உள்ளே வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தோலின் சதைப்பக்கத்தை, அந்தச் சொரசொரப்பை, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டுவது எங்கள் ஆட்களுக்குக் கிழிந்த பனியனோடு கல்யாணத்துக்குப் போவதற்குச் சமம். குதித்து முடித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டார். அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் சத்தம் அடங்கிப் பதமாக வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாச் சட்டங்களையும் திருப்பி மாட்டினார். அதற்குப் பிறகு எந்த டேனரிக்காரர் வந்தாலும், பாய், தோல் திரும்பியிருக்கு என்று பதறிக்கொண்டு எழுந்து சட்டத்தில் கை வைப்பார். அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"கண்ணுக்கு மொகத்த காட்டணும். காதுக்கு முதுக காட்டணும். உக்காரு."

அவர் பேச்சைக் கேட்டு நானும் ஒரு ஜோடி வாங்கினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நம் கூட்டத்தில் இரண்டு கட்சி வந்திருக்காது. என் மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே சுற்றிலும் ஸ்பீக்கர், முன்னால், பக்கத்தில், பின்னால், கூரையில்கூட. பாட்டு அறை முழுக்க நிறைந்து நின்றது. நான் கவிழ்ந்துவிட்டேன். வீட்டுக் கூடத்தில் பதினோரு ஸ்பீக்கர் ஏறியது. அடுத்த ஞாயிறு ராணிப்பேட்டையில் விஷயத்தைச் சொன்னேன். முனீர் பாய் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"வாழ்நாள் பூரா ஜோடி ஜோடியா ஷூ பண்ணவன். இப்ப பதினோரு காலு மொளச்சுடுச்சு."

அன்றிலிருந்து ஜோடிக் கட்சி, சுற்றுக் கட்சி என்று நாம் பிரிந்து அடித்துக்கொண்டது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். என் வாதம் ஒன்றுதான். உங்கள் இரண்டு ஸ்பீக்கர் ஒரு நாற்காலிக்குத்தான் பாடுகிறது, மற்றவர்களுக்கு மிச்சம் மீதிதான். என் வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பாட்டு உண்டு. இதற்கு அவர், அதனால்தானே முறை வைத்து விடுகிறோம், ஒரு பாட்டு நேரம் காத்திருக்க முடியாதவன் பாட்டு கேட்டு என்ன ஆகப்போகிறது என்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இன்றும் என் வாதம் சரி என்றுதான் படுகிறது.

ஒரு தடவை வற்புறுத்தி அவரை ஆம்பூருக்கு அழைத்து வந்தேன். என் கூடத்தில் உட்கார வைத்து, ஒரு கச்சேரியைப் போட்டேன். முதல் நிமிடம் முடியவில்லை, கையை உயர்த்தினார்.

"மோகன், உன் வீட்ல ஆளுங்க எடம் மாறி உக்காந்திருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தால் முன்பக்க ஸ்பீக்கர் இரண்டின் ஒயரும் இடது வலது மாறிச் செருகியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. நான் அதைச் சரி செய்துவிட்டு மறுபடி போட்டேன். அவர் பொறுமையாக முழுதும் கேட்டார். எப்படி என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டுக்காரங்க நடுவுல நம்மள கொண்டாந்து உக்கார வச்சா, நாம இன்னா வாசிக்கறது?" என்றார். என் மனைவி வசந்தி கூடத்து ஓரத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு பாட்டோடு சேர்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டே நறுக்கினாள். முனீர் பாய் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோது அவராகவே, உன் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். அவர் வீட்டில் பாபி அந்த நடு நாற்காலியில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் போகிற நாட்களில் அவருக்கு டீயும் சமோசாவும். மற்ற நாட்களில் இவர் கூப்பிட்டால், வேலை கிடக்கிறது என்று சொல்லிவிடுவாராம்.

இனி நம் கூட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த பிறகு கூடிய ஒரு ஞாயிறு. சாமான்களை எல்லாம் நகர்த்தி வைத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து ஸ்பீக்கர்களை மறுபடி மாட்டிவிட்டுப் போயிருந்தார். முதலில் நாற்காலி எனக்கு வந்தது. போட்டது அவருக்கு மிகவும் பிடித்த பழைய கச்சேரி இசைத்தட்டு. எத்தனையோ முறை கேட்டது. வயலின் வலது பக்கத்திலிருந்து வந்தது. மிருதங்கம் இடது பக்கம் போயிருந்தது. நான் முனீர் பாயைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்து, முழங்காலில் தாளம் போட்டபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். உங்களில் சிலரும் அப்படி நினைத்திருப்பீர்கள். பாட்டு முடிந்தது, அடுத்தவர் உட்கார்ந்தார், அதற்கடுத்தவர் உட்கார்ந்தார். அவர் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் முறை வந்தபோது, இன்று எனக்கு வேண்டாம், நீங்கள் கேளுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் சில மாதமாகவே அவர் தன் முறையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் தங்கினேன்.

"பாய், ஆளுங்க எடம் மாறி உக்காந்திருக்காங்க" என்றேன்.

பழைய கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாற்காலியில் போய் உட்கார்ந்து, போடு என்று கை காட்டினார். போட்டேன். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணை மூடிப் பார்த்தார்.

"எனக்கு தெரியல மோகன்" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட காலையில் வலது காது போய்விட்டது. வேலூரில் டாக்டரைப் பார்த்தார். அது இனி திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காதால் பேச்சு கேட்கிறது, பாட்டும் கேட்கிறது, ஆனால் பாட்டில் யாரும் அவரவர் இடத்தில் இல்லை. "எல்லாரும் ஒரே எடத்துல நிக்கறாங்கப்பா. ரேஷன் கடை வரிசையாட்டம்" என்றார். பாபியிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே என்றார். இந்த ஜோடியை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன், சும்மா இருக்கிறதைப் பார்க்கப் பார்க்க பேஜாராக இருக்கிறது என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நாளைக்கே ஆம்பூருக்கு வாருங்கள், பதினோரு ஸ்பீக்கரில் ஏதாவது ஒன்று உங்கள் காதுக்குப் பிடிபடாமலா போகும் என்று சத்தம் போட்டேன். வந்தார். என் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் இருக்கிறார்கள், யார் எங்கே என்றுதான் தெரியவில்லை என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எது எங்கே என்று சொல்ல ஆரம்பித்தேன். அவரைத் தேற்றச் செய்ததுதான், வேறு யோசனை எதுவும் அப்போது இல்லை. பாடுகிறவர் முன்னால், தபேலா வலது பக்கம், புல்லாங்குழல் பின்னால் மேலே என்றேன்.

"பின்னாடி மேலயா? அது இன்னா பல்லியா?"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, நம்ம வூட்டுக்கு போவோம். அங்க எல்லாரோட எடமும் எனக்கு தெரியும். நீ சொன்னா போதும், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஜோடி விற்கப்படவில்லை. மாறியிருந்த ஒயரை நான் சரியாகச் செருகிவிட்டேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் புதன்கிழமை. கூட்டம் இல்லாத நாள், முற்பகலில் நான் ராணிப்பேட்டைக்குப் போய்விடுவேன். நடு நாற்காலியில் நான். எனக்கு வலது பக்கத்தில், அவருடைய நல்ல காது என் பக்கம் இருக்கும்படி ஒரு ஸ்டூலில் அவர். பாட்டு ஓடும்போது நான் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். அந்த அறையில் பாட்டுக்கு நடுவே பேசுவது மகா பாவம் என்று சட்டம் போட்டவரே அவர்தான். முதலில் நான் இடது, வலது என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தரம் பார்த்துச் சீட்டு எழுதும்போது 'நல்லா இருக்கு' என்று ஒரு வரியா எழுதுவாய், ஒழுங்காகப் பார்த்துச் சொல் என்று திட்டினார். பிறகு நான் பார்த்தேன். வயலின் இடது ஸ்பீக்கருக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் தாழ்ந்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கிறது. பாடுகிற அம்மா நடுவில், ஓர் அடி முன்னால். மிருதங்கம் வலது பக்கம், சுவரோரமாக. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். நான் தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டுவார்.

ஒரு புதன்கிழமை, அதே பழைய இசைத்தட்டில், பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்குவதற்குச் சற்று முன், வலது பக்கம் வெகுதூரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது. சொன்னேன். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். மறுபடி அதே இடத்தில் கிறீச் என்றது. அது யாராக இருக்கும் என்று அன்று முழுக்கப் பேசினோம். சபா செயலாளராக இருக்கும், கைதட்டலுக்கு முன்னால் எழுந்து போய் மாலையை எடுத்து வைக்கப் பார்க்கிறார் என்பது அவர் முடிவு. எனக்கு டீ வந்தபோதும் அந்தச் செயலாளரைப் பற்றித்தான் பேச்சு. புறப்படும்போது வாசல் வரை வந்து, என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"ரெண்டு காது வச்சுகிட்டு நான் கேட்டது கம்மிப்பா. இப்பதான் ஜாஸ்தி கேக்கறேன்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இத்தா முடிந்து, பாபி வசந்திக்குப் போன் செய்து எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். போன வாரம் போனோம். அந்த அறையைத் திறந்து துடைத்து வைத்திருந்தார். தோல் வாசனை அப்படியே இருந்தது. சட்டங்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கின. என்னை அழைத்தது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரை எடுத்துப் போகச் சொல்வார், எப்படி மறுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பழைய இசைத்தட்டைப் போடுங்கள் என்றார். நான் நடு நாற்காலியைக் காட்டி, நீங்கள் உட்காருங்கள் பாபி என்றேன். தயங்கினார். வசந்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். விருந்துக்குப் போன வீட்டில் உட்காருவதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

பாட்டைப் போட்டுவிட்டு நான் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். வயலின் தொடங்கியது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கிறார், குறுக்கே பேசக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இசைத்தட்டில் அந்த அம்மா பாட ஆரம்பித்தார். பாபி என் பக்கம் திரும்பினார்.

"ஏன்ணா சும்மா இருக்கீங்க? சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்றேன்.

"எது எங்கன்னு. நீங்க சொல்றதோடதான் எனக்கு இந்தப் பாட்டு தெரியும். செவுத்துக்கு அந்தாண்ட பாட்டு லேசாத்தான் வரும். உங்க குரல்தான் நல்லா கேக்கும். புதன்கிழம ஆனா அடுப்ப அணைச்சுட்டு கேப்பேன்."

நான் அவருடைய காதுக்காக உரக்கப் பேசியதெல்லாம் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அப்படியானால் காது விஷயம் உங்களுக்குத் தெரியுமா பாபி என்று கேட்டேன். காய்ச்சல் விட்ட அடுத்த வாரமே தெரியும் என்றார். சாப்பிட உட்காரும்போது பாபி தான் உட்காரும் இடத்தை அவருடைய வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாராம். ஃபேன் காற்று அங்கேதான் வருகிறது என்று சொன்னாராம். "நம்பிட்டாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார், கண் மட்டும் நிறைந்திருந்தது.

நான் ஆரம்பித்தேன். வயலின் இடது பக்கம், ஒரு முழம் உள்ளே தள்ளி, தரையில் உட்கார்ந்து. அம்மா நடுவில், ஓர் அடி முன்னால். மிருதங்கம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாபி சொன்னார், வலது பக்கம், சுவரோரமாக. அவர் இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தார். பாட்டு முடியப் போகிற நேரத்தில் ஒரு விரலை உயர்த்தி, "இப்ப அந்த செக்ரட்டரி எழுந்துப்பாரு" என்றார். வலது பக்கம், வெகுதூரத்தில், நாற்காலி கிறீச்சிட்டது.

வருகிற ஞாயிறு முதல் அறை திறந்திருக்கும் என்று பாபி உங்களிடம் சொல்லச் சொன்னார். முறை பழைய முறைதான். ஆனால் முதல் பாட்டு பாபிக்கு. நடுவில் நான் பேசுவேன், யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

கட்சி மாறிவிட்டாயா என்று கேட்பீர்கள். மாறவில்லை. என் வீட்டில் பதினோரு ஸ்பீக்கரும் அப்படியே இருக்கின்றன, வசந்தி அவற்றின் நடுவே காய் நறுக்கிக்கொண்டு பாடுகிறாள். முனீர் பாயிடமிருந்து ஒரு பொருளும் நான் எடுத்து வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். தனியாகப் பாட்டு கேட்கும்போதும் எது எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் யாருமில்லையே, யாரிடம் பேசுகிறீர்கள் என்று வசந்தி முதலில் கேட்டாள், இப்போது கேட்பதில்லை. சொல்லும்போதெல்லாம் என் தலை வலது பக்கம் திரும்பிவிடுகிறது. அவர் அங்கேதான் உட்காருவார்.